கிளம்ப மறுத்த அம்பாசிடர்

இராஜபாளையத்தில் ஒரு தெரு. காலை ஆறு மணி. மேற்கே மலை மேல் மேகம் இன்னும் விலகவில்லை. ஒரு வீட்டு வாசலில் கிரீம் நிற அம்பாசிடர். எழுபத்து மூன்று வயதுப் பெரியவர் ஒருவர் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்புகிறார்.

கர்ர்ர்... கர்ர்ர்... கர்ர்ர்...

அவ்வளவுதான். இன்ஜின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. எதிர் வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்க்கிறார். பால்காரர் வண்டியை ஓரம் நிறுத்தி, "தள்ளி விடவா அண்ணாச்சி?" என்கிறார். பின் சீட்டில் முழங்கால் வலியோடு ஏறி உட்கார்ந்திருக்கும் பெரியவரின் மனைவி மெல்லக் கேட்கிறார்: "ஏங்க, இன்னைக்குப் பஸ்லயே போயிருவமா?"

அப்படிச் சொல்லிவிட்டாலும், பஸ் படியில் ஏற அவரால் முடியாது என்பது இருவருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை என்றால் அவர்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில். சுமார் 11 கிலோமீட்டர்தான். முப்பது வருடமாக நடக்கும் வழக்கம். போகும்போது கோயில், வரும்போது கால் கிலோ பால்கோவா. அந்த வழக்கத்தைத்தான் மூன்று மாதமாக இந்த வண்டி கெடுத்துக்கொண்டிருந்தது.

பெரியவர் ஒரு நூற்பாலையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி 1986 மாடல், மார்க் 4, பெட்ரோல். 1995-ல் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. சென்னையில் இருக்கும் மகன் போனில் கறாராகச் சொல்லிவிட்டான்: "அப்பா, அதைக் கொடுத்துருங்க. கோயிலுக்குப் போக வாடகைக் கார் கூப்பிட்டுக்கலாம்." பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவரும் வந்து பார்த்து, கிலோக் கணக்கில் ஒரு விலை சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதோடு ஆர்.சி. புதுப்பிக்க வேண்டிய தேதி வேறு இரண்டு மாதத்தில் வருகிறது. பதினைந்து ஆண்டு கடந்த காருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதைச் செய்தாக வேண்டும். கிளம்பாத வண்டியை எப்படி ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுவது?

அம்பாசிடரின் கதையே வேடிக்கையானது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரைத் தழுவி, மேற்கு வங்காளத்தில் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957-ல் தயாரிக்கத் தொடங்கியது. 2014-ல் உற்பத்தி நின்றது. 2017-ல் 'அம்பாசிடர்' என்ற பெயரை மட்டும் பிரான்சின் பெஜோ நிறுவனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. பெயருக்கு 80 கோடி! வண்டிக்கு இரும்பு விலை!

மூன்று மாதச் செலவு

பெரியவர் கணக்கர் அல்லவா? எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

முதலில் புதுப் பேட்டரி, 5,200 ரூபாய். பிறகு நான்கு பிளக், 600. அப்புறம் இக்னிஷன் காயில், 1,100. பாயிண்ட்டும் கண்டென்சரும் 350. கடைசியாகக் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, கிட் மாற்றியது, 1,800. ஆகமொத்தம் 9,050 ரூபாய்.

ஒவ்வொரு முறையும் ஒர்க் ஷாப்பில் வண்டி ஜம்மென்று ஸ்டார்ட் ஆகும். "பாத்தீங்களா, சரியாயிருச்சு" என்பார்கள். மறுநாள் காலையில் பழைய குருடி கதவைத் திறடி!

இதில் யாரும் அவரை ஏமாற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மாற்றிய சாமான்கள் எல்லாம் நல்ல சாமான்கள்தான். எது கெட்டிருக்கிறது என்று பார்க்காமல், "இன்னும் எதை மாற்றவில்லை?" என்று பார்த்ததுதான் கோளாறு.

"எப்போ?" என்ற ஒரு கேள்வி

ஸ்ரீவில்லிபுத்தூரில் பழைய வண்டிகளை மட்டும் பார்க்கும் மெக்கானிக் ஒருவர் இருப்பதாக யாரோ சொன்னார்கள். ஒரு நாள் இருபத்தைந்து முறை செல்ஃப் அடித்து, எப்படியோ கிளப்பி, பெரியவர் அங்கே போய்ச் சேர்ந்தார்.

மெக்கானிக் பானட்டைத் திறக்கவே இல்லை. முதலில் டீ சொன்னார். பிறகு கேட்டார்: "ஐயா, எப்போ கிளம்ப மாட்டேங்குது?"

"எப்பவும்தான் தம்பி."

"எப்பவும்னு ஒண்ணு கிடையாதுங்கய்யா. காலைலயா? ஓடி நிறுத்தின பிறகா? மத்தியானமா? ரெண்டு நாள் நின்னாக் கூடுதலா இருக்கா?"

பெரியவருக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஆனால் பையில் நோட்டு இருந்தது. செலவு எழுதிய பக்கங்களுக்குப் பின்னால், ஒவ்வொரு பயணத்துக்கும் தேதி, நேரம், கிலோமீட்டர், எத்தனை முறை செல்ஃப் அடித்தார் என்று வரி வரியாக எழுதியிருந்தார். மெக்கானிக் அதை வாங்கிப் படித்தார்.

வெள்ளி காலை: பத்து முறை. அதே வெள்ளி, கோயிலில் இருந்து திரும்பும்போது: ஒரே முறை. சனி, ஞாயிறு வண்டி எடுக்கவில்லை. திங்கள் காலை: இருபத்து இரண்டு முறை. திங்கள் மத்தியானம்: ஒரே முறை.

"இதுலயே பாதி பதில் இருக்கேய்யா!" என்றார் மெக்கானிக்.

ஆமாம். வண்டி எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு சிரமம். ஓடி நிறுத்திய சூட்டில் ஒரு தொந்தரவும் இல்லை. தீப்பொறிக் கோளாறாக இருந்தால், நின்ற நேரத்தோடு இப்படி அளந்து வைத்தாற்போல் கூடிக் குறையாது. நிற்கும்போது ஏதோ ஒன்று வற்றுகிறது. அது பெட்ரோல்!

பெட்ரோல் போகும் பாதை

பெட்ரோல் எப்படிப் போகிறது என்று தெரிந்தால்தான் மீதி புரியும்.

இன்றைய கார்களில் மோட்டார் பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிறது. சாவி போட்டவுடன் அது பெட்ரோலை முன்னால் தள்ளிவிடும். அம்பாசிடர் மாதிரி பழைய கார்களில் டேங்க் பின்னால், பம்ப் முன்னால் இன்ஜினோடு ஒட்டி. மெக்கானிக்குகள் இதை 'ஏ.சி. பம்ப்' என்பார்கள். குளிர்சாதனத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அது ஒரு கம்பெனிப் பெயர். இன்ஜின் சுற்றினால்தான் இது வேலை செய்யும். உள்ளே ஒரு டயாஃப்ரம் மேலும் கீழும் அசைந்து, வண்டியின் அடியில் ஓடும் நீளமான குழாய் வழியாகப் பெட்ரோலை உறிஞ்சி, கார்புரேட்டருக்கு அனுப்பும். கார்புரேட்டரில் 'ஃப்ளோட்' இருக்கும் சின்னக் கிண்ணத்தில் அது நிற்கும். அங்கிருந்து ஜெட் வழியாகக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குள் போகும்.

அதாவது இளநீரை ஸ்ட்ரா வைத்து உறிஞ்சுவது போல. ஸ்ட்ராவின் மேல் நுனியை விரலால் அடைத்துத் தூக்கினால் உள்ளே இருக்கும் இளநீர் கீழே விழாது. ஸ்ட்ராவில் ஒரு ஊசித் துளை இருந்தால்? காற்று புகுந்து, இளநீர் இறங்கிவிடும். அடுத்த முறை முதலில் இருந்து உறிஞ்ச வேண்டும்.

மறுநாள் காலைச் சோதனை

வண்டியை அன்றிரவு ஷெட்டிலேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னார் மெக்கானிக். "நோய் இருக்கும்போதுதான் நாடி பிடிக்கணும். ஓடி வந்த சூட்டுல பாத்தா ஒண்ணும் தெரியாதுய்யா" என்றார். முந்தைய ஒர்க் ஷாப்களில் நடந்ததும் அதுதான். சூடாக வந்த வண்டியைச் சூடாகவே பார்த்து, சூடாகவே திருப்பி அனுப்பினார்கள்.

மறுநாள் காலை ஆறரைக்குப் பெரியவர் பஸ்ஸில் வந்து சேர்ந்தார். சாவியைத் தொடும் முன்பே சோதனை ஆரம்பமானது.

முதல் சோதனை: ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தபடி ஆக்ஸிலரேட்டர் லிங்கைக் கையால் இழுத்தார். கிண்ணத்தில் பெட்ரோல் இருந்தால் சின்ன நூல் போலப் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சவில்லை. கிண்ணம் காலி.

இரண்டாவது சோதனை: ஏ.சி. பம்பின் அடியில் கையால் அடிக்கும் சின்ன லீவர் இருக்கும். அதை நிதானமாக அடித்துக்கொண்டே இருந்தார். முதலில் லொட லொட என்று காற்று. கொஞ்ச நேரத்தில் கை கனத்தது, அதாவது பெட்ரோல் வந்துவிட்டது. மறுபடி லிங்கை இழுத்தார். சுர்ரென்று பீய்ச்சியது. "இப்ப அடிங்கய்யா." ஒரே திருப்பு. வண்டி பிடித்துக்கொண்டது!

பிளக், காயில், பாயிண்ட், பேட்டரி, கார்புரேட்டர் எல்லாம் இந்த ஒரு சோதனையில் குற்றமற்றவை என்று விடுதலை ஆகிவிட்டன. பேட்டரி குற்றவாளியே அல்ல, பாதிக்கப்பட்ட கட்சி. தினமும் இருபது முறை செல்ஃப் அடித்தால் எந்தப் பேட்டரிதான் தாங்கும்?

கிண்ணம் ஏன் காய்ந்தது? சூடான இன்ஜின் மேல் உட்கார்ந்திருக்கும் கிண்ணத்தில் பெட்ரோல் ஆவியாவது பழைய கார்களில் இயல்புதான். குழாய் நிறைந்திருந்தால் இன்ஜின் கொஞ்சம் சுற்றியதுமே கிண்ணம் நிரம்பிவிடும். இங்கே குழாயும் சேர்ந்து காலி. கிண்ணம் காய்வது இயல்பு, குழாய் காய்வது நோய்.

மூன்றாவது சோதனை: நோய் பம்பிலா, குழாயிலா? பம்புக்குள் பெட்ரோல் நுழையும் இடத்தில், உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியும்படி ஒரு துண்டு கண்ணாடி போன்ற டியூபைச் செருகினார். இன்ஜின் ஓடும்போது டியூபில் வரிசையாகக் குமிழிகள். சோடா பாட்டில் மாதிரி! எங்கேயோ காற்றை இழுக்கிறது.

நான்காவது சோதனை: பழைய குழாயைத் துண்டித்து, ஒரு கேனில் பெட்ரோல் ஊற்றி, பின்னால் டேங்க் இருக்கும் உயரத்துக்கே அதைக் கீழே வைத்து, புது ஹோஸ் மூலம் நேராகப் பம்புக்குக் கொடுத்தார். குமிழி இல்லை. பிறகு கேனைப் பத்திரமாக மூடி அப்படியே ஒரு இரவு விட்டார்கள். மறுநாள் காலையில் வண்டி உடனே கிளம்பியது. பம்ப் நல்ல பம்ப். மிஞ்சியது குழாய்தான்.

வண்டியைத் தூக்கி அடியில் படுத்துப் பார்த்தபோது, டேங்கில் இருந்து வரும் இரும்புக் குழாயை இணைக்கும் ஒரு சாண் ரப்பர் ஹோஸ், கிளிப்புக்கு அடியில் வெடித்திருந்தது. நகத்தால் அழுத்தினால்தான் தெரியும் வெடிப்பு.

"ஒரு சொட்டுக்கூடக் கீழே விழலையே தம்பி!" என்றார் பெரியவர் ஆச்சரியத்தோடு.

"விழாதுங்கய்யா. பம்புக்கு முன்னாடி ஓட்டைன்னா அது காத்தை உள்ளே இழுக்கும். நின்ன பிறகு பெட்ரோல் டேங்குக்கே திரும்பிரும். பம்புக்குப் பின்னாடி ஓட்டையா இருந்தாத்தான் வெளியே சொட்டும்."

எத்தனாலைத் திட்டலாமா?

ஹோஸ் ஏன் வெடித்தது? "வயசும் ஒரு காரணம், பெட்ரோலும் ஒரு காரணம்" என்றார் மெக்கானிக்.

இந்தியாவில் பெட்ரோலில் எத்தனால் கலக்கும் திட்டம் 2003-ல் 5 சதவீதத்தோடு தொடங்கியது. 2022 ஜூனில் 10 சதவீதத்தை எட்டியது. 20 சதவீதம் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-ல் நாடு முழுவதும் பரவிவிட்டது. கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் சந்தை கிடைக்கிறது, கச்சா எண்ணெய் இறக்குமதி குறைகிறது. நல்ல காரணங்கள்தான்.

ஆனால் 1986-ல் செய்த வண்டிக்கு இது பழக்கமில்லாத சாப்பாடு. எத்தனால் பழைய ரப்பரை உப்பவோ வெடிக்கவோ செய்யும். ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் உண்டு. டேங்கில் பல வருடமாகப் படிந்த கசடைக் கரைத்து ஃபில்டருக்கும் ஜெட்டுக்கும் அனுப்பும். இன்னொன்று, ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு சுமார் 9 கிலோ போதும். பழைய ஜெட் பழைய கணக்குப்படியே விடுவதால், கலவையில் எரிபொருள் கொஞ்சம் குறைச்சலாகவே இருக்கும். காலையில் சோக் இழுக்காமல் கிளம்பாது. மைலேஜும் குறையும். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்த நான்கு சக்கர வண்டிகளில், இ20 போட்டால் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே மதிப்பிட்டது.

அதற்காக எல்லாப் பழியையும் எத்தனால் தலையில் போடுவதும் தப்பு. 'எல்லாம் பெட்ரோல் சரியில்லை' என்று விட்டிருந்தால் அந்த ஒரு சாண் ஹோஸ் அகப்பட்டிருக்காது. எத்தனால் தாங்கும் ஹோஸ் போடுவது, ஃபில்டரை அடிக்கடி மாற்றுவது, மாதக் கணக்கில் பெட்ரோலோடு வண்டியை நிறுத்தி வைக்காதது. இந்த மூன்றும் பாதித் தொந்தரவைத் தடுக்கும்.

நோய்க்கு நோய் வேறு

எல்லா வண்டிக்கும் ஹோஸ்தான் கோளாறு என்று நினைத்துவிடக் கூடாது. 'எப்போ?' என்ற கேள்விக்கு வரும் பதிலைப் பொறுத்து நோய் மாறும்.

காலையில் நன்றாகக் கிளம்பி, சித்திரை வெயிலில் கடை வாசலில் கால் மணி நேரம் நிறுத்திய பிறகு கிளம்பவில்லை என்றால், பெட்ரோல் சூட்டில் ஆவியாகிக் குழாயை அடைத்திருக்கலாம். பம்பின் மேல் ஈரத்துணி போட்டுப் பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். கிளம்பினால் அதுதான்.

அதே நேரத்தில் பெட்ரோல் வாடை குப்பென்று அடித்து, பிளக் நனைந்திருந்தால், அது எதிர்க் கட்சி. கிண்ணம் கொதித்தோ, ஃப்ளோட் நீடில் சரியாக மூடாமலோ பெட்ரோல் வழிந்துவிட்டது. இங்கே சோக் இழுத்தால் கெட்டது. ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். கறுப்புப் புகையோடு கிளம்பும்.

பத்து இருபது கிலோமீட்டர் ஓடி நின்றுவிட்டு, டேங்க் மூடியைத் திறந்தவுடன் 'புஸ்' என்று காற்று உள்ளே போய், பிறகு கிளம்பினால், டேங்க் காற்று வாங்கும் வழி அடைத்திருக்கிறது.

ஆறு மாதம் ஷெட்டில் நின்ற வண்டி என்றால் பெட்ரோலே பழசு. அதில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட்டிருக்கும். வார்னிஷ் வாடை வந்தால் மாற்றிவிடுவதே நல்லது.

ஒரு எச்சரிக்கை. இது பெட்ரோல். குழாயைக் கழற்றிவிட்டு இன்ஜினைச் சுற்ற வேண்டி வந்தால், தீப்பொறி வராமல் காயில் வயரைக் கழற்றி வைக்க வேண்டும். சூடான இன்ஜின் மேல் சிந்தக் கூடாது. பக்கத்தில் பீடி, சிகரெட் ஆகாது. வாயால் பெட்ரோலை உறிஞ்சுவது பழைய பழக்கம், ஆனால் நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

அனாமத்துக் கணக்கு

புது ஹோஸ், இரண்டு கிளிப், 200 ரூபாய். கூலி 300. ஆக 500 ரூபாயில் வேலை முடிந்தது.

பெரியவர் நோட்டைத் திறந்து எழுதினார். எழுதிவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, மில்லுல இருப்பாய்வு உதைச்சா என்ன பண்ணுவோம் தெரியுமா? வித்தியாசத் தொகையை அனாமத்துல போட்டுட்டு, எங்க தப்புன்னு ஒவ்வொரு வரியாத் தேடுவோம். ஒரே ஒரு பதிவுலதான் தப்பு இருக்கும். அதுக்காக யாரும் புதுப் பேரேடு வாங்க மாட்டாங்க. முப்பத்தஞ்சு வருஷம் அந்த வேலை பாத்தவன், வண்டின்னு வந்ததும் ஒன்பதாயிரத்துக்குப் புதுப் பேரேடா வாங்கியிருக்கேன்!"

மெக்கானிக்கும் சிரித்தார். "ஆனா வரி வரியா எழுதி வச்சிருந்தீங்களேய்யா. அது இல்லைன்னா நானும் பம்பை மாத்தியிருப்பேன்."

நோட்டின் முன்பக்கத்தில் இருந்த ரூபாயைத்தான் மூன்று மாதமாக எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதில் பின்பக்கத்தில் இருந்தது.

வியாழக்கிழமை இரவு மகன் போன் செய்தான். "இரும்புக் கடைக்காரர் என்ன சொன்னாருப்பா?" என்று கேட்டான். "அவரை வர வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்றார் பெரியவர். கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. பிறகு மகன், "சரி, அம்மாவைப் பாத்துக் கூட்டிட்டுப் போங்க" என்றான்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி. மனைவி பின் கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறி உட்கார்ந்தார். பால்காரர் வழக்கம் போல வண்டியை ஓரம் கட்டி, தள்ளுவதற்குத் தயாராக நின்றார். அவருக்கு அன்று வேலை இல்லாமல் போய்விட்டது.

கோயில் வாசலில் இறங்கியதும் பெரியவர் நோட்டை எடுத்து எழுதிய வரி இதுதான்: "வெள்ளி, காலை 6.05. ஒரே முறை."